தலைச்சுற்றலுக்குக் கரண்ட் எதற்கு?

“தலை சுத்துதா? கழுத்தெலும்பு தேஞ்சிருக்கும். பத்து நாள் கரண்ட் வெச்சா சரியாப்போயிடும்.” ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர் வரை இந்தத் தீர்ப்பை யார் வேண்டுமானாலும் வழங்குகிறார்கள், மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. படித்தவர்களிடம் இதன் திருத்திய பதிப்பு ஒன்று புழங்குகிறது. கோளாறு கழுத்தில் இல்லையாம், உள்காதில் இருக்கிறதாம். காதுக்குப் பின்னால் மின்முனை ஒட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தினால் சமநிலை மீண்டுவிடுமாம். வெளிநாட்டில் காதுக்குள்ளேயே கருவி பொருத்துகிறார்களாம். நம் ஊருக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் குறையாம். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: தலைச்சுற்றலுக்குத் தீர்வு மின்சாரத்தில் இருக்கிறது. பெருவாரியான நோயாளிகளைப் பொறுத்தவரை இது தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். கையால் தலையைத் திருப்பிப் படுக்கவைத்தே தீர்க்கக்கூடிய ஒரு நோயை இந்த நம்பிக்கை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது.

எதிர்த்தரப்பு முட்டாள்தனமாகப் பேசவில்லை. அவர்கள் வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ குழந்தைகள் அதனால் கேட்கிறார்கள், பேசுகிறார்கள். கேட்கும் நத்தைக்கூடும், சமநிலை பார்க்கும் மூன்று அரைவட்டக் கால்வாய்களும் ஒரே எலும்புக்குள், ஒரே திரவத்தில் இருப்பவை. ஒன்றை மின்சாரம் எழுப்புமென்றால் பக்கத்தில் இருப்பதை ஏன் எழுப்பாது? வரலாறும் அவர்கள் பக்கம்தான். 1800-ல் வோல்டா தன் மின்கலத்தைத் தன் காதுகளிலேயே இணைத்துப் பார்த்தார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி கிடைத்தது. 1820 வாக்கில் பர்கின்யே, தலை வழியே மின்சாரம் பாய்ந்தால் ஆள் தள்ளாடுவதை எழுதிவைத்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காதுக்குப் பின்னால் உணரமுடியாத அளவு மின்சாரம் செலுத்தியபோது, இரு காதிலும் சமநிலை உணர்வு கெட்டவர்கள் முன்னைவிட ஆடாமல் நின்றார்கள். இதற்கெல்லாம் மேலாக, கரண்ட் வைத்துக்கொண்டு நலமானதாகச் சொல்லும் அக்கம்பக்கத்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்காக மாத்திரை தின்று பயன் காணாதவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவும் உண்மை. இவ்வளவும் உண்மையாக இருந்தும் முடிவு தவறு. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தத் தலைச்சுற்றலுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே கரண்ட் வைக்கிறார்கள். உள்காதால் வரும் தலைச்சுற்றலில் மிக அதிகம் காணப்படுவது, ஆங்கிலச் சுருக்கத்தில் பிபிபிவி என்று டாக்டர்கள் சொல்லும் ஒன்று. உள்காதின் ஒரு சிறு பையில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புவியீர்ப்பை உணர்வதற்கான ஏற்பாடு அது. வயதாலோ தலையில் பட்ட அடியாலோ, பல நேரம் காரணமே தெரியாமலோ, சில படிகங்கள் கழன்று பக்கத்து அரைவட்டக் கால்வாய்க்குள் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு தலையைக் குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்தால் படிகம் உருளும், திரவம் அசையும். தலை நின்ற பிறகும், சுற்றிக்கொண்டிருப்பதாகவே மூளைக்குத் தகவல் போகும்.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து பாவைக் குனிந்து பார்த்தபடி நாள் முழுக்க வேலை. அப்போதெல்லாம் ஒன்றுமில்லை. மேலே ஜக்கார்டு பெட்டியில் ஏதோ சிக்கியது என்று அண்ணாந்து பார்க்கிறார். தறி, சுவர், ஓடு எல்லாம் கரகரவென்று சுழல்கின்றன. தறிக்கட்டையைப் பிடித்துக்கொள்கிறார். அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இரவு வலப்பக்கம் புரண்டு படுத்தால் மறுபடியும். விடியற்காலை எழும்போது மறுபடியும். நடவு வயலில் குனிந்து நிமிரும் பெண்களும், கொடியில் துணி போட அண்ணாந்து பார்ப்பவர்களும் சொல்வது அச்சு அசலாக இதே கதை. தலையின் நிலை மாறும்போது மட்டும் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது. இதைக் கேட்ட பிறகும் கழுத்துக்கு எக்ஸ்ரே எழுதுகிறவரை என்னவென்று சொல்வது?

இதற்கான சோதனையை டிக்ஸும் ஹால்பைக்கும் 1952-லேயே எழுதிவிட்டார்கள். நோயாளியைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கவேண்டும். கண்ணை மூடவிடக் கூடாது. சில நொடி எதுவும் நடக்காது. பிறகு விழிகள் கீழ்க்காதை நோக்கிச் சுழன்று சுழன்று துள்ளத் தொடங்கும். நோயாளி நம் கையை இறுகப் பற்றிக்கொள்வார், சிலர் கத்திவிடுவார்கள். அரை நிமிடம் போல ஓடி அடங்கும். எந்தக் காதில் கோளாறு, எந்தக் கால்வாயில் கோளாறு என்பதைக் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்துக் காது மருத்துவர் ஜான் எப்ளி 1992-ல் வெளியிட்ட வைத்தியம் இந்தச் சோதனையின் தொடர்ச்சிதான். விழி துடிப்பு நின்றதும், தொங்கிய தலையை மறுபக்கம் திருப்பி அரை நிமிடம் வைத்திருப்பார்கள். பிறகு ஆளையே அந்தப் பக்கம் உருட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி வைத்து இன்னும் அரை நிமிடம். பிறகு எழுப்பி உட்காரவைத்துவிடலாம். கால்வாய்க்குள் போன படிகம் அதன் வளைவிலேயே உருண்டு, வெளியே வந்து விழுந்துவிடும். ஒன்றிரண்டு முறை செய்ததிலேயே பெரும்பாலோருக்குச் சரியாகிறது. சிலருக்குப் பின்னாளில் திரும்ப வருவதுண்டு; திரும்பச் செய்துகொள்ளலாம். கல் உருண்டுபோன இடத்தில் மின்சாரத்துக்கு என்ன வேலை?

2. மின்சாரம் உதவிய ஆய்வை எடுத்து, உதவ வழியில்லாத நோய்க்குச் சாட்சி வைக்கிறார்கள்.

டோக்கியோ ஆய்வைக் காட்டுகிறவர்கள் அதில் யார் நோயாளி என்பதைப் பார்ப்பதில்லை. அவர்கள் இரு காதிலும் சமநிலை நரம்பின் தகவல் நலிந்துபோனவர்கள். நலிந்த தகவலோடு ஒழுங்கற்ற சிறு மின் இரைச்சலைச் சேர்த்தால், தனியே எட்டாத குறி வரம்பைத் தாண்டி மூளைக்கு எட்டிவிடுகிறது. அழகான இயற்பியல், மறுக்கவில்லை. பிபிபிவியில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே தகவல் நலியவில்லை. பலமாகத்தான் வருகிறது, பொய்யாக வருகிறது. குரல் அடங்கியவனுக்கு ஒலிபெருக்கி உதவும். பொய் சொல்கிறவனுக்கு அதைக் கொடுத்து என்ன செய்வது?

இன்னொன்றும் உண்டு. இரு காதுக்குப் பின்னாலும் மின்முனை வைத்து ஒரு மில்லி ஆம்பியர் அளவு நேர்மின்சாரம் செலுத்தினால் நல்ல ஆளே நேர்முனை இருக்கும் பக்கம் சாய்கிறார். மின்சாரம் நின்றதும் சாய்வும் நின்றுவிடுகிறது. தோலுக்கு மேலிருந்து பாயும் மின்சாரம் மூன்று கால்வாய்களையும் இரண்டு பைகளையும் ஒன்றாகத்தான் கிளறும். இந்தக் கால்வாய் மட்டும் என்று பிரித்துத் தொடாது. நரம்பை ஆராய்வதற்கு இது அருமையான கருவி. அதை வைத்தியம் என்று பெயர் மாற்றுவதற்கு ஓடுகிறபோது கிடைக்கும் விளைவு மட்டும் போதாது.

3. கழுத்தில் வைக்கிற கரண்ட் இந்த ஆய்வுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

ஃபிசியோதெரபி நிலையங்களில் ஐஎஃப்டி என்று வைப்பது, 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான இரண்டு மின்னோட்டங்களைத் தசையில் குறுக்கே பாய்ச்சும் வலி வைத்தியம். கழுத்து வலிக்கு இதமாக இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். உள்காதின் படிகத்தை அது தொடப்போவதில்லை. கழுத்தெலும்புத் தேய்மானம்தான் காரணம் என்ற வாதமோ ஒரே கேள்வியில் விழுந்துவிடும். படுக்கையில் புரளும்போது கழுத்தும் உடம்பும் சேர்ந்தே உருள்கின்றன, கழுத்து தனியாக முறுக்கிக்கொள்வதில்லை. அப்போதும் ஏன் சுற்றுகிறது? ஐம்பது தாண்டிய பெரும்பாலானோரின் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும், தலை சுற்றாதவர்களின் எக்ஸ்ரேயிலும் தெரியும். தேடினால் யாரிடமும் கிடைக்கிற ஒன்றைக் காரணம் என்று காட்டுவது மருத்துவர்களுக்கு வசதியாக இருக்கலாம். நோயாளிக்குக் கிடைப்பது கழுத்தில் ஒரு காலர்.

எல்லாத் தலைச்சுற்றலும் காதிலிருந்து வருவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதென்றால் ரத்த அழுத்த மாத்திரையின் அளவைப் பார்க்கவேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தசோகை உள்ளவர்கள். அவர்கள் காதையும் கழுத்தையும் விட்டுவிட்டு ஹீமோகுளோபின் பாருங்கள்.

4. “எனக்குச் சரியாச்சே!”

ஆகியிருக்கும். சரியாகிவிட்டதை நான் மறுக்கவில்லை, கரண்டால் சரியானது என்பதைத்தான் மறுக்கிறேன். கால்வாய்க்குள் போன படிகம் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே வெளியேறிவிடுகிறது. தூங்கும்போது புரண்டதில் வெளியேறியிருக்கலாம், பஸ் குலுக்கலில் வெளியேறியிருக்கலாம். அந்த வாரங்களில் பத்து நாள் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போயிருக்கும். வேப்பிலை அடித்தவருக்கும் போயிருக்கும்.

இது என் ஊகம் மட்டுமல்ல. உள்காதின் இன்னொரு நோயான மெனியரில், தலைச்சுற்றலோடு காது இரைச்சலும் செவிக்குறைவும் வந்து வந்து போகும். அதற்குப் பல நாடுகளில் எழுதப்படும் மாத்திரை பீட்டாஹிஸ்டின். ஜெர்மனியில் 221 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான அளவும், ஒரு பிரிவுக்கு அதைப்போல மூன்று மடங்கும், ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. மூன்று பிரிவிலும் தலைச்சுற்றல் குறைந்திருந்தது. மூன்றுக்கும் இடையே வேறுபாடு இல்லை. வெற்று மாத்திரை தின்றவரிடம் போய்க் கேட்டிருந்தால் அவரும் “எனக்குச் சரியாச்சே” என்றுதான் சொல்லியிருப்பார். ஒப்பிட ஆளில்லாத அனுபவம் அவரவர்க்கு ஆறுதலாக இருக்கலாம்; ஊருக்கு வைத்தியம் சொல்ல அது போதாது. பீட்டாஹிஸ்டினிடம் கேட்ட கணக்கை ஐஎஃப்டியிடமும் கேட்போம்.

5. காதுக்குள் கருவி வந்துவிட்டதே என்பவர்களுக்கு.

வந்திருக்கிறது, உண்மைதான். ஜெனீவா, மாஸ்ட்ரிக்ட் குழுவினர் நெடுங்காலமாக முயன்று வருகிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில் எட்டுப் பேருக்குச் சமநிலை இம்ப்ளான்ட் வைத்திருந்தார்கள். நிற்பது, நடப்பது, வாழ்க்கைத் தரம் எல்லாம் பெரும்பாலும் மேம்பட்டன. கருவி வைத்த காதில் கேட்கும் திறன், ஒருவரைத் தவிர எல்லோருக்கும் குறைந்தது. இரு காதிலும் சமநிலை அறவே போனவருக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகலாம். படிகம் இடம் மாறிய காதுக்கு இதைக் கனவு காண்பது, கொசுவுக்குப் பயந்து வீட்டை விற்கிற கதை.

சமநிலை அறவே போவது என்றால் என்னவென்று பலருக்குத் தெரியாது. ஜே. சி. என்ற எழுத்துகளை மட்டும் கையொப்பமாக இட்டு ஒரு மருத்துவர் 1952-ல் தன் கதையை எழுதினார். மூட்டு நோய்க்காக அவருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். உள்காதின் உணர்மயிர்ச் செல்கள் அழிந்தன. அதற்குப் பிறகு அவர் அசைந்தால் உலகமே குலுங்கியது. படுத்துப் படிக்கும்போது, நாடித்துடிப்பால் தலை அசைகிற அசைவுக்கே எழுத்துகள் துள்ளின. கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தலையை அண்டக்கொடுத்துத்தான் அவரால் ஒரு வரியைப் படிக்க முடிந்தது.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கு அந்நியமில்லை. 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஏழைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை தர முடியும் என்று உலகுக்கே காட்டியது. வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடும் முறையையும் அறுபதுகளில் அங்கேதான் சோதித்தார்கள். அந்த ஊசி காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். சிலர் காதில் விலை கொடுத்தார்கள். அதே குடும்பத்து கானமைசின் ஊசியை, மருந்துக்கு அடங்காத காசநோய் சிகிச்சையில் இனிச் சேர்க்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இன்னொரு பங்காளியான ஜென்டாமைசின் மலிவு விலையில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு பார்க்காமல் போட்டால், கேட்கும் திறனைவிடச் சமநிலையைத்தான் அது அதிகம் கெடுக்கும். ஆக, இம்ப்ளான்ட் எப்போது வரும் என்று ஏங்குகிறவர்கள் அதைவிட அவசரமாகக் கேட்க வேண்டியது வேறு: ஊசி போடும் முன் கிரியேட்டினின் பார்த்தீர்களா?

6. தீங்கில்லாததுதானே, வைத்துப் பார்த்தால் என்ன?

இது எல்லாவற்றிலும் ஆபத்தான வாதம், பார்க்கச் சாதுவாக இருப்பதால். பத்து நாள் கரண்ட் என்றால் பத்து நாள் பஸ், பத்து நாள் கூலியிழப்பு. அதற்கிடையில் பெரியவர் ஒருவர் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அந்தக் கணக்கு எந்த ரசீதிலும் வராது.

இன்னும் மோசமானது, சிறுமூளையில் வரும் பக்கவாதம். அது கை கால் விழாமல், வெறும் தலைச்சுற்றலாகவே தொடங்கலாம். மணிக்கணக்கில் விடாமல் சுற்றுகிறது, பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றால் அது கரண்ட் வைக்கும் நேரமல்ல, 108-ஐக் கூப்பிடும் நேரம். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, விடாமல் தலை சுற்றிய 101 பேரைப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் கட்டிலருகே செய்த மூன்று கண் சோதனைகள் மூளைக் கோளாறு ஒன்றையும் தவறவிடவில்லை; முதலில் எடுத்த எம்ஆர்ஐ சிலருடையதைத் தவறவிட்டது. இயந்திரம் மனிதனைவிட எப்போதும் நன்றாகப் பார்க்கும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒன்றும் செய்யாது என்று நாம் வைக்கிற கரண்ட், அந்தப் பக்கவாத நோயாளியின் விலைமதிப்பற்ற மணித்துளிகளைத் தின்றுவிடுகிறது.

அப்படியானால் இயந்திரமே வேண்டாமா, கிராமத்து ஏழைக்குப் பழைய வைத்தியம் போதுமா என்று சண்டைக்கு வருவார்கள். எப்ளியின் கதையையே பதிலாகத் தருகிறேன். அவர் தன் முறையைச் செய்தபோது காதுக்குப் பின்னால் எலும்பில் ஓர் அதிர்வுக் கருவியையும் வைத்தார். படிகம் எளிதில் நகரும் என்பது அவர் எண்ணம். பின்னால் வந்தவர்கள் கருவியோடும் கருவி இல்லாமலும் செய்து ஒப்பிட்டார்கள். வேறுபாடு இல்லை. கருவியை எடுத்துவிட்டார்கள், கை அசைவு நிலைத்தது. கண்டுபிடித்தவர் வைத்த கருவியாக இருந்தாலும் சோதித்துப் பார்த்துக் கழிப்பதுதான் நவீனம். ஏழைக்குச் சேரவேண்டியதும் அதுதான்.

இது காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு எட்டாத ஒன்றுமல்ல. ஏனாத்தூரிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஃபிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் டிக்ஸ்–ஹால்பைக் சோதனையையும் எப்ளி முறையையும் சொல்லிக்கொடுக்கலாம். கழுத்தில் உண்மையாகவே கோளாறு உள்ளவர்களுக்கு எப்போது செய்யக் கூடாது, பக்கவாதத்தின் அறிகுறி தெரிந்தால் யாருக்கு அனுப்புவது என்பதையும் சேர்த்து. தேவைப்படும் சாமான் நோயாளியின் வீட்டுக் கட்டில். கட்டில் இல்லாத வீட்டில் முதுகுக்குக் கீழே ஒரு தலையணை போதும். இதற்கு டெண்டர் விட ஒரு கருவியும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக இது நடக்காததற்குக் காரணமே அதுதானோ என்னவோ.